சென்னையிலிருந்து பெங்களூர்: 26,000 கூடுதல் சம்பளம் போதுமா?

கேள்வி (2025 ஜனவரி 18)

வேளச்சேரியில் இருக்கிறேன். கையில் வருவது மாதம் 82,000. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கையில் 1,08,000 வருகிற மாதிரி தருகிறது. மனைவி, நாலாம் வகுப்பு படிக்கும் மகள். இங்கே வாடகை 19,000. 2018 மாடல் கார் ஒன்று இருக்கிறது. சொந்த ஊர் திருநெல்வேலி, அப்பா அம்மா அங்கேதான். இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், பெங்களூர் கொஞ்சம்தான் கூடுதல் என்று காட்டுகிறது. 26,000 கூடுதலாக வந்தால் லாபம்தானே?

பதில் (ஜனவரி 18, இரவு)

அந்தக் கால்குலேட்டரை மூடி வையுங்கள். அது ஊருக்கும் ஊருக்கும் கணக்குப் போடுகிறது. நீங்கள் மாறப்போவது வேளச்சேரி வீட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்து வீட்டுக்கு. தக்காளி விலையும் சினிமா டிக்கெட்டும் சேர்த்து அது தரும் சதவீதத்தில் உங்கள் மகளின் பள்ளியும் இல்லை, திருநெல்வேலியும் இல்லை.

நாங்கள் 2023ல் குரோம்பேட்டையிலிருந்து வந்தவர்கள். இப்போது ஓசூர் சாலையில் சிங்கசந்திரா பக்கம் இருக்கிறோம், உங்கள் ஆபீஸ் ஏரியாவை ஒட்டித்தான். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 27,000 கொடுக்கிறேன். பக்கத்துத் தெருவிலேயே 22,000க்கும் இருக்கிறது, 38,000க்கும் இருக்கிறது. நீச்சல்குளம், ஜிம் என்று போர்டு வைத்த கேட்டுக்குள் போனால் விலை ஏறும். தனி வீட்டு மாடி என்றால் இறங்கும்.

வாடகையைவிட முதலில் பார்க்க வேண்டியது அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸ் அளவாகச் சொல்கிறது. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். உங்களிடமும் ஆறு மாதம் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பெங்களூரில் பத்து மாதம் என்பது பழைய வழக்கம். பேசினால் எட்டு, ஆறு என்று இறங்குவார்கள். எனக்கு எட்டில் நின்றது. 27,000 எட்டு மாதம் என்றால் 2,16,000. இந்தப் பணத்தைச் சாவி வாங்கும் அன்றே தர வேண்டும். உங்கள் வேளச்சேரி அட்வான்ஸோ நீங்கள் காலி செய்து, ஓனர் சுவரைப் பார்த்து, இ.பி. பில்லைக் கழித்து, அப்புறம்தான் வரும். நடுவில் உள்ள வாரங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இப்போதே யோசியுங்கள்.

ஜனவரி 19

நேற்று விட்டுப்போனது, பெயின்ட். இங்கே அக்ரிமென்டில் ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குக் கழிக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் சுவரில் ஒரு ஆணி அடிக்காமல் இருந்தாலும் கழிப்பார்கள். சிலர் இதோடு கிளீனிங் என்று இன்னொன்று சேர்ப்பார்கள். கையெழுத்துப் போடும் முன்னால் பேச வேண்டிய வரி இது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் பாதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சில ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இங்கே பதில் எழுதிய இன்னொருவர் ‘லீஸுக்கு எடுக்கலாமே, வாடகையே வேண்டாம்’ என்று யோசனை சொல்லியிருக்கிறார். நம் ஊர் போக்கியம்தான் அது. மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம். நான் செய்யமாட்டேன். வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து, ஓனர் தவணை கட்டவில்லை என்றால் பேங்க் வந்து நிற்கும். உங்கள் லட்சங்கள் அப்போது எந்த வரிசையில் நிற்கும்? ஓனருக்கும் உங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் பணத்தை வாங்கிக்கொள்ளும் லீஸ் என்றால் கிட்டவே போகாதீர்கள்.

ஜனவரி 21

எச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப் படி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வருமான வரிக் கணக்கில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை விலக்கு. பெங்களூருக்கு 40தான். நாட்டிலேயே வாடகை அதிகமுள்ள ஊர்களில் ஒன்றுக்கு 40 சதவீதம் என்பது அநியாயம், ஆனால் 2025ல் விதி அதுதான்.

இது எவ்வளவு கடிக்கும் என்று போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 50,000, வாடகை 28,000 என்று வையுங்கள். வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் 23,000. சென்னையில் வரம்பு 25,000 என்பதால் முழு 23,000க்கும் விலக்கு. பெங்களூரில் 20,000தான். மாதம் 3,000க்குக் கூடுதலாக வரி. இருபது சதவீத வரியில் இருப்பவருக்கு அறுநூறு ரூபாய்ச் சொச்சம். பயப்படும் அளவுக்கு இல்லை. பழைய வரி முறையில் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு.

தொழில் வரியும் கேட்டீர்கள். இரண்டு ஊரிலும் உங்கள் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆண்டுக்கு 2,500க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

பிப்ரவரி 2

நேற்றைய பட்ஜெட்டுக்குப் பிறகு மேலே உள்ள எச்.ஆர்.ஏ. குறிப்பைப் பெரும்பாலோர் தாண்டிப் போகலாம். புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை வரி இல்லை. உங்கள் சம்பளம் அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும், வீட்டுக் கடன் எதுவும் இல்லாத நிலையில் புதிய முறைதான் குறைவாக வரும். அங்கே எச்.ஆர்.ஏ. விலக்கே கிடையாது, சென்னையும் பெங்களூரும் ஒன்றே. ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தால் ‘கையில் 1,08,000’ என்பதை கம்பெனியிடம் மறுபடி கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள், கூடத்தான் செய்யும்.

பிப்ரவரி 10

நேற்றிலிருந்து பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ ரயில் கட்டணம் ஏறிவிட்டது. அதிகபட்சம் 60 ஆக இருந்தது 90 ஆகிவிட்டது. சென்னை மெட்ரோவில் அதிகபட்சம் 50. பெங்களூர் மாநகர (பி.எம்.டி.சி.) பஸ்ஸில் ஜனவரியிலேயே 15 சதவீதம் ஏற்றினார்கள்.

குரோம்பேட்டையில் இருந்தபோது நான் மாதச் சீசன் டிக்கெட்டில் கடற்கரை ரயிலில் போய் வந்தவன். அந்தச் செலவைக் கணக்கிலேயே எழுதமாட்டேன், அவ்வளவு குறைவு. பெங்களூரில் அப்படி ஒரு புறநகர் ரயில் கிடையாது. 2020ல் ஒப்புதல் தந்த திட்டம் இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வேளச்சேரி பறக்கும் ரயில்காரர், இந்த இழப்பு உங்களுக்கும் புரியும். அதனால்தான் சொல்கிறேன், ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு பிடியுங்கள். 4,000 குறைவாகக் கிடைக்கிறது என்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால், சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் நேரத்துக்கு யார் பணம் தருவது?

பெண்களுக்கு இலவசப் பஸ் இரண்டு ஊரிலும் உண்டு, ஆனால் ஒன்று போல் இல்லை. தமிழ்நாட்டில் 2021லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் எந்தப் பெண்ணும் ஏறலாம். கர்நாடகத்தின் ‘சக்தி’ திட்டம் 2023 ஜூனில் வந்தது, அதற்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். வந்த புதிதில் என் மனைவி மடிவாளாவுக்குப் பஸ் ஏறினார். பக்கத்துப் பெண்கள் ஆதாரைக் காட்டிப் பூஜ்ய டிக்கெட் வாங்க, இவரும் நீட்டினார். கண்டக்டர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் குரோம்பேட்டை. சிரித்துக்கொண்டே ‘அட்ரஸ் சேஞ்ச் மாடிசி’ (முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்) என்று சொல்லிவிட்டுக் காசு டிக்கெட் கிழித்தார். அன்று சாயங்காலமே ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனேன். வாடகை ஒப்பந்தம் கையில் வந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள். கேஸ், பள்ளி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அந்த முகவரிதான் கேட்பார்கள்.

பிப்ரவரி 14

மின்சாரத்தில் பெங்களூர் உங்களுக்கு லாபம்தான், சந்தேகமே வேண்டாம். சென்னையில் மே, ஜூனில் இரண்டு ஏ.சி. ஓடினால் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் போகும். 100 யூனிட் இலவசம் கழிந்தும் பில் ஐயாயிரத்தை ஒட்டி வரும், ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் விலைப்படி ஏறிவிடுகிறது. இங்கே எங்கள் வீட்டில் ஏ.சி.யே மாட்டவில்லை. ஏப்ரலில் மட்டும் கொஞ்சம் புழுங்கும்.

கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான ‘கிருஹ ஜோதி’யில் 200 யூனிட் வரை இலவசம் என்பதை அப்படியே நம்பி வராதீர்கள். பழைய நுகர்வின் சராசரியும் அதன் மேல் பத்து சதவீதமும்தான் இலவசம். அந்த மொத்தம் 200ஐத் தாண்டக்கூடாது. புதிதாகக் குடிவருபவருக்குப் பழைய சராசரி கிடையாது. மாநில சராசரி 53 யூனிட், பத்து சதவீதம் சேர்த்து 58 யூனிட் தருவார்கள். மேலே போனதற்குக் காசு. எங்களுக்கு 58 போதாது, கீசர் இருக்கிறதே. ஆனாலும் சென்னை கோடைப் பில்லோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. முன்னால் இருந்த வாடகைக்காரர் தன் ஆதார் இணைப்பை நீக்கிவிட்டாரா என்று ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீக்காவிட்டால் உங்கள் விண்ணப்பம் நிற்கும்.

பிப்ரவரி 15

தண்ணீர். இதை வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: காவிரி இணைப்பு உண்டா, போர்வெல் எத்தனை, கோடையில் டேங்கர் எத்தனை, டேங்கர் காசு மெயின்டெனன்ஸில் அடங்குமா தனியா?

2019ல் சென்னையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையைக் கண்டவர்கள் நாம். 2024 மார்ச்சில் பெங்களூரில் அதே நிலை. டேங்கர்காரர்கள் கேட்டதுதான் விலை என்று ஆனதும், மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600, 12,000 லிட்டருக்கு 1,000 என்று உச்ச விலை வைத்தது. எங்கள் அபார்ட்மென்டில் அந்த மாதம் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். மொட்டை மாடியில் நீல டிரம் வாங்கி வைத்தோம், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலாண்டு மெயின்டெனன்ஸில் தண்ணீர் என்று தனி வரி விழுந்தது.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு நகரின் வெளிப்பகுதிகளுக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘காவிரி வந்துவிட்டது’ என்று புரோக்கர் சொன்னால், குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 23

காய்கறி, மளிகை பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. கீரை, பீன்ஸ், கேரட் இங்கே மலிவு, நன்றாகவும் இருக்கும். மீன் காசிமேட்டு விலைக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பொன்னி அரிசி எல்லாத் தமிழ்க் கடையிலும் கிடைக்கிறது, கிலோவுக்குச் சில ரூபாய் கூட. காலையில் தர்ஷினி என்னும் சிறு ஹோட்டலில் நின்றபடி இட்லி வடை, காபி குடித்தால் சென்னை ஹோட்டலைவிடக் குறைவுதான். எலக்ட்ரானிக் சிட்டியின் பளபளப்பான மால் பக்கம் போனால் கதை வேறு. மொத்தத்தில் சாப்பாட்டுச் செலவை நான் சமம் என்றே எழுதுவேன்.

மார்ச் 1

பள்ளி. இதுதான் உங்கள் கணக்கில் பெரிய கல்.

மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்றால் சேர்க்கைக் கட்டணம் என்று ஒரு தொகை, வருடக் கட்டணம், வேன், யூனிஃபார்ம், புத்தகம். எங்கள் பெண்ணுக்குச் சேரும்போது மட்டும் 70,000 ஆனது, திரும்ப வராத பணம். நல்ல பள்ளிகளில் நவம்பர், டிசம்பரிலேயே சேர்க்கை தொடங்கிவிடும். மார்ச்சில் போனால் மிச்சமிருக்கும் இடம்தான்.

மொழியும் செலவுதான். கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் கன்னடம் ஒரு பாடமாக உண்டு. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தமிழ்நாட்டிலும் 2006லிருந்து தமிழுக்கு அப்படித்தான் சட்டம். போன ஊரின் மொழியைப் பிள்ளை படிப்பது நல்லதும்கூட. ஆனால் இதுவரை தமிழை இரண்டாம் மொழியாகப் படித்த குழந்தைக்கு ஒரே வருடத்தில் கன்னட எழுத்தும் இந்தியும் சேர்ந்து வரும். டியூஷன் வைத்தோம். அப்புறம், தமிழ் வீட்டில் நாமே சொல்லித்தராவிட்டால் அதோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவளோடு உட்காருகிறேன். போன வாரம் பாட்டிக்குத் தானாகவே ஒரு கடிதம் எழுதினாள். றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம்தான், இருக்கட்டும்.

மார்ச் 2

கார். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, கர்நாடகத்தில் ஆயுள் வரி, அப்புறம் தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மிச்சத்துக்குத் திரும்ப விண்ணப்பம். முதலில் கட்ட வேண்டும், திரும்பி வருவது பிறகு. கர்நாடக ஆயுள் வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று: 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 14 சதவீதம், வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறையும். ஏழு வயதான காருக்கு இவ்வளவும் செய்வதைவிட சென்னையிலேயே விற்றுவிட்டு வருவது நல்லது. ஸ்கூட்டர் ஒன்றே இந்த ஊர்ப் போக்குவரத்துக்குப் போதும். ‘பி.எச். வரிசை’ என்று ஒருவர் சொன்னது மறுபதிவு இல்லாமல் எந்த மாநிலத்திலும் ஓட்டக்கூடிய வண்டி நம்பர், பல மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவன ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் உள்ள வசதி. உங்கள் புதுக் கம்பெனிக்குப் பொருந்துமா என்று எச்.ஆரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

மார்ச் 8

ஊருக்குப் போய்வரும் செலவை யாருமே எழுதவில்லை. எனக்கு இதுதான் கணக்கின் முதல் வரி.

சென்னையில் இருக்கும் திருநெல்வேலிக்காரருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி, அனந்தபுரி, வந்தே பாரத். ஒன்றில் இல்லை என்றால் இன்னொன்றில் ஏறலாம். பண்டிகைக்கு கிளாம்பாக்கத்திலிருந்து அரசுச் சிறப்புப் பஸ்கள் வரிசையாகப் போகும். பெங்களூரிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸை விட்டால் மதுரை வரை வந்தே பாரத் மாதிரி ஒன்றில் போய், அங்கிருந்து மாறிப் போக வேண்டும். முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த சில நிமிடத்தில் தீபாவளி டிக்கெட் காலி. மிச்சம் ஆம்னி பஸ், பண்டிகை வாரத்தில் மூன்று பேர் போய்வர என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குக் கும்பகோணம். மயிலாடுதுறை வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்றுதான் நேர் ரயில். சென்னையில் இருந்தவரை அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே கிளம்பிப் பொழுது விடிய வீட்டில் இருப்பேன். இங்கே வந்த பிறகு அவசரத்துக்குக் கார் பிடித்துப் போன இரவுகள் உண்டு. அந்த வாடகை மட்டும் ஒரு மாத மளிகை. பொங்கலுக்கு இங்கே ஒரு நாள்தான் விடுமுறை. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் சொந்த லீவு போட வேண்டும். அப்பா அம்மாவுக்கு எழுபது ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் மாதம் 2,000 என்று ஒதுக்கி எழுதுங்கள், குறைத்து எழுத வேண்டாம்.

மார்ச் 9

நீங்கள் தந்ததையும் என் செலவையும் வைத்து மொத்தமாகப் போட்டுவிட்டேன்.

மாதக் கணக்கு: வாடகை 8,000 கூடும். மெயின்டெனன்ஸ் 2,000 கூடும். பள்ளியும் வேனும் 2,500. ஊர்ப் பயணம் 2,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 1,000 கூட. பெயின்ட் கழிவை இரண்டு வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 1,125. அட்வான்ஸில் கூடுதலாக முடங்கும் ஒரு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி போனது 600. மின்சாரத்தில் மிச்சம் 1,500. கூட்டிக் கழித்தால் 15,725. கூடுதல் 26,000ல் மிஞ்சுவது 10,275. வருடத்துக்கு 1,23,300.

ஒருமுறைச் செலவு: புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 27,000, சாமான் லாரி 30,000, பள்ளிச் சேர்க்கை 70,000. ஆக 1,27,000.

அதாவது முதல் வருடம் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. லாபம் இரண்டாம் வருடத்திலிருந்துதான். அதுவும் அதே வீட்டில், அதே பள்ளியில் இருந்தால். ஓனர் காலி செய்யச் சொன்னால் புரோக்கர், லாரி, பெயின்ட் எல்லாம் மறுபடி. அட்வான்ஸையும் சேர்த்தால் முதல் மாதம் கையில் 3,43,000 இருக்க வேண்டும்.

எனவே கம்பெனியிடம் மாதச் சம்பளத்தில் இன்னும் ஆயிரம் இரண்டாயிரம் என்று இழுக்காதீர்கள். இடம் மாறும் செலவுக்கு ஒன்றரை லட்சம் ஒரே தடவையாகக் கேளுங்கள். மாதச் சம்பளத்தை ஏற்றுவதைவிட இது அவர்களுக்குச் சுலபம். இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மார்ச் 11

மனைவி வேளச்சேரியில் தனியார் பள்ளி ஆசிரியை, 18,000 சம்பளம் என்று இப்போதுதான் எழுதுகிறீர்கள்!

அப்படியானால் மேலே உள்ள கணக்கே வேறு. 26,000 வரும்போது 18,000 போகிறது. என் மனைவியும் இதே நிலையில் வந்தவர்தான். குரோம்பேட்டையில் கணக்கு டீச்சர். இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் கணக்குக்குக் கன்னடம் தேவையில்லை என்று நம்பி வந்தோம். பாடம் நடத்தத் தேவையில்லைதான். பெற்றோரிடம் பேச, வகுப்பாசிரியையாக இருக்கக் கன்னடம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்தார், கன்னடம் கற்றார், அடுத்த ஜூனில்தான் வேலை கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில் பணம் போனது ஒரு பக்கம், பன்னிரண்டு வருடம் வேலைக்குப் போன மனுஷி மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு போன் செய்து ‘என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்பார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது. இதை எந்தக் கால்குலேட்டர் கேட்கும்?

உங்கள் சம்பளக் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஏப்ரல் 2

நேற்று ஏப்ரல் 1. நந்தினிப் பால் லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறிவிட்டது. மின்சாரத்தில் ஊழியர் ஓய்வூதியத்துக்காக யூனிட்டுக்கு 36 பைசா சேர்த்தார்கள். மார்ச் 9 கணக்கில் மாதம் 200, 300 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 11

தண்ணீர்க் கட்டணமும் ஏறிவிட்டது, 2014க்குப் பிறகு இப்போதுதான். தனி மீட்டர் உள்ள வீட்டுக்குச் சிறு தொகை. அபார்ட்மென்டுக்கு மெயின்டெனன்ஸில் வந்து விழும். ‘ஒன்றரை லட்சம் ஒத்துக்கொண்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஜூன் வரை நீங்கள் மட்டும் பி.ஜி. விடுதியில் தங்கி இருந்து பார்ப்பது சரியான முடிவு. சாப்பாட்டோடு பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். இரண்டு இடச் செலவு சில மாதம்தானே. பள்ளியைச் சேர்த்துவிட்டு வருத்தப்படுவதைவிடக் குறைவு.

ஜூன் 15

ஓசூரில் வீடு எடுத்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருவது பற்றிக் கேட்டீர்கள். நான் ஆரம்பத்தில் அதைச் சொல்லாததற்குக் காரணம், காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டும் பஸ் கூட்டத்தைப் பார்த்தவன் நான். ஆனால் மனைவியின் வேலையையும் மகளின் தமிழையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது எனக்கே வேறு மாதிரித் தோன்றுகிறது.

ஓசூர் தமிழ்நாடு. மகளுக்குப் பாடத்திட்டம் மாறாது. மனைவிக்கு அங்குள்ள பள்ளிகளில் மொழித் தடை கிடையாது. காருக்கு மறுபதிவு இல்லை, மின்சாரத்துக்குத் தமிழ்நாட்டுக் கட்டணம்தான். தட்பவெப்பம் பெங்களூர் மாதிரியேதான். என் ஆபீஸில் மூன்று பேர் பாகலூர் சாலையிலும் மத்திகிரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் வாடகை 13,000, 15,000. அட்வான்ஸும் ஐந்து மாதத்துக்கு மேல் யாரும் தரவில்லை. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிடம் என்பார்கள். மழை நாளில் ஒன்றரை மணி நேரமும் ஆகும். காரில் தினமும் வந்தால் சுங்கச்சாவடிக் காசு தனி, மாத பாஸ் எடுத்தால் கொஞ்சம் குறையும்.

சென்ட்ரல் பெங்களூரில் ஆபீஸ் உள்ளவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். எலக்ட்ரானிக் சிட்டிக்கு மட்டும்தான்.

ஆகஸ்ட் 11

நேற்று நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்துவிட்டார்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். எலக்ட்ரானிக் சிட்டி நடுவிலேயே போகிறது. தொடங்கியபோது மூன்று ரயில்தான், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று. ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை பஸ்ஸில் வந்து ஏறலாம் என்றாலும், உங்கள் ஆபீஸுக்கு நேர்ப் பஸ்ஸே வேகம் என்று நினைக்கிறேன். இதன் பயன் வார இறுதியில் ஜெயநகர் போகத்தான். இந்தத் தடத்தை ஒட்டி எங்கள் தெருவில் வாடகை ஏறத் தொடங்கிவிட்டது. என் ஓனர் அடுத்த வருடத்துக்கு பத்து சதவீதம் கேட்கிறார். ஐந்து என்று அக்ரிமென்டில் இருக்கிறது, அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 7

மனைவிக்கு ஓசூரில் ஒரு பள்ளியில் 16,000க்கு வேலை கிடைத்தது என்று படித்ததும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். என் மனைவி, நடு வருடத்தில் சேர்பவர்களுக்கு மே மாதச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். சில தனியார் பள்ளிகளில் விடுமுறை மாதத்துக்குத் தரமாட்டார்கள்.

வாடகை 14,500, அட்வான்ஸ் 70,000 என்றால் மார்ச் 9 கணக்கில் பாதிக்கு மேல் அடித்துவிடலாம். வேலைக்கார அம்மா, பெயின்ட் இரண்டும் போய்விட்டன. போக்குவரத்துக்கு 3,000 சேருங்கள்.

அக்டோபர் 12

தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, இப்போது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் தேடினால் எப்படி? அந்த ரயில் ஓசூரிலேயே நிற்கும் என்பதால் தட்கல் முயற்சி செய்யலாம், மூன்று பேருக்கும் கிடைப்பது கஷ்டம். ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து சேலத்துக்கு அரசுப் பஸ் அடிக்கடி உண்டு. சேலத்தில் இறங்கி மதுரை, அங்கிருந்து திருநெல்வேலி என்று மூன்று பஸ் மாறலாம். 18ஆம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுவீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், பெங்களூர் முழுக்க அந்த ஒரே சாலையில்தான் இறங்கும்.

வேளச்சேரி ஓனர் அட்வான்ஸில் 12,000 பிடித்தது பற்றி: எதற்குப் பிடித்தார் என்று பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போதும். குடிவந்தபோது எடுத்த போட்டோ இருக்கிறது என்றீர்களே, அதையும் கூடவே அனுப்புங்கள். ஓசூர் வீட்டுக்கும் சாமான் ஏற்றும் முன்னால் ஒவ்வொரு சுவரையும், பாத்ரூம் குழாய்களையும், மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள்.